மருத்துவத்தின் நான்காம் கூறு

மருந்தின் இயல்பை ஓர் அதிகாரத்தால் விளக்கிய திருவள்ளுவர், அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையதெனத் தொகுத்துரைத்தார். நோயாளி ஒரு கூறு, நோய் தீர்க்கும் மருத்துவர் மற்றொரு கூறு, மருந்து மூன்றாவது. நான்காவதாக அவர் எண்ணியது, நோயாளியின் அருகிலிருந்து காலமறிந்து மருந்து கொடுத்துப் பணிசெய்பவரை. முதல் மூன்றும் எவர்க்கும் எளிதில் தோன்றுவன. நான்காவதையும் அவற்றோடு ஒப்ப நிறுத்தியதிலேதான் அப்பெரியாரின் உலகியலறிவு புலப்படுகின்றது. மருத்துவர் தம் இல்லம் சென்றபின்னும் நோயாளி வாழ்ந்தாக வேண்டும். அவ்வேளை அவன் அருகில் இருப்பவர் யார் என்பதே வினா.

பிள்ளைப்பேறு நோயன்று. எனினும் இந்நான்காம் கூறு வேறெவ்விடத்தினும் பார்க்கப் பிள்ளை பிறந்த வீட்டிற்கே மிகுதியும் வேண்டப்படுவது. முன்னாளில் இதற்குக் குறை பெரிதும் இருந்ததில்லை. தலைப்பிள்ளைப் பேற்றிற்குப் பெண் தாய்வீடு செல்வாள். ஊர் மருத்துவச்சி வருவாள். சரக்கரைத்துக் கறி ஆக்குவதற்கும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கும், துடக்குக் கழியும்வரை தாயைப் பேணுவதற்கும் அன்னை, பெரியதாய், மாமி, அயற்பெண்டிர் எனப் பலர் சூழ இருப்பர். இன்று அச்சூழல் பலர்க்கு வாய்ப்பதில்லை. கண்டி நகரிலும் பேராதனையிலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா முதலிய இடங்களிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு வந்து வாடகை வீட்டில் இருவராய் வாழும் இளந்தம்பதியர் உளர். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய தோட்டப்புறங்களிலோ, கணவன் கொழும்பிற் கடையொன்றில் வேலைக்கு நிற்க, மாமி கொழுந்தெடுக்கச் செல்ல, லயக் காம்பராவிற் பச்சிளங் குழந்தையோடு தனித்திருக்கும் பெண்கள் உளர். முன்னவர்க்குக் கல்வியும் ஊதியமும் உண்டு. பின்னவர்க்கு அவை குறைவு. ஆயினும் நள்ளிரவிற் குழந்தை ஓயாது அழும்போது, “இது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான், பயப்படாதே” என்று சொல்ல ஒருவர் இல்லாமை இருவர்க்கும் பொதுவாம்.

இந்நிலையில் மருத்துவப் பணியாளர் செய்யத்தக்கது யாது? அவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்து நான்காம் கூறாதல் இயலாது. ஆனால் அதற்குரியார் யார் எனத் தேடியறிந்து, குடும்பத்தை அவர் கையில் ஒப்படைத்தல் இயலும். ‘அங்கே போ’ என்று விரல் நீட்டிக் காட்டுதல் வேறு. கைப்பிடித்துச் சென்று ஒப்படைத்தல் வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய ஒப்படைத்தலுக்கு வேண்டிய அமைப்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. 1926இல் களுத்துறையில், அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு, இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வைத்தியசாலையில் அமர்ந்து நோயாளியின் வரவை எதிர்பார்த்தல் போதாது. ஒரு குறித்த எல்லையில் வாழும் மக்கள் அனைவரையும் நோய் வருமுன்னரே நாடிச்செல்லுதல் வேண்டும் என்பதே அதன் கொள்கை. அம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவி, இன்று முந்நூற்றுக்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக விளங்குகின்றது. ஒவ்வொரு பிரிவின் அடித்தளமாக நிற்பவர் பொதுச் சுகாதார மருத்துவ மாது. குடும்பநல மாது என்று பலரும் அழைப்பது இவரையே. ஏறக்குறைய 3,000 மக்களுக்கு ஒருவர் என்பது இவர்க்கு வகுக்கப்பட்ட அளவு. மணமான தம்பதியரைப் பதிவு செய்தல், கருவுற்ற பெண்ணை வீட்டிற் சென்று காணுதல், கிளினிக்கிற்கு வரச்செய்தல், பேற்றின்பின் முதற் பத்து நாள்களுள் மீண்டும் வீட்டிற்குச் செல்லுதல், குழந்தையின் நிறையையும் தடுப்பூசியையும் கவனித்தல் ஆகியன இவர் கடமைகள்.

இதனால் விளைந்த பயன் சிறிதன்று. மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வாட்டிய 1935இல், உயிருடன் பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அவ்வெண் பத்திற்குக் குறைவு. 1930களில் 1,00,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000இற்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அது ஏறக்குறைய 30 என்னும் அளவிற்கு இறங்கியுள்ளது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், மலேரியா ஒழிப்பு, வீதிகள் எனக் காரணங்கள் பலவாயினும், படலையைத் திறந்துகொண்டு முற்றத்திற்கு வந்த அம்மருத்துவ மாதின் பங்கினை எவரும் மறுக்கார்.

களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு தோன்றிய அதே 1926இல், இலண்டன் மாநகரின் பெக்கம் என்னும் பகுதியில் ஸ்கொட் வில்லியம்சன், இன்னிஸ் பியர்ஸ் என்னும் மருத்துவர் இருவர் வேறொரு முயற்சியைத் தொடங்கினர். 1935இல் அஃது ஒரு பெரிய கட்டடத்திற்கு மாறியது. வாரம் ஒரு ஷில்லிங் சந்தா செலுத்திக் குடும்பம் முழுவதும் அதில் அங்கம் பெறும். ஆங்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. நீச்சற்குளமும் சிற்றுண்டிச்சாலையும் குழந்தைகள் விளையாடும் இடமும் உண்டு. இளந்தாய் ஒருத்தி மற்றொருத்தியைக் கண்டு பழகுதலும் உடல்நலத்தின் பகுதியே என்பது அம்மருத்துவர் துணிபு. பணமின்மையால் 1950இல் அந்நிலையம் மூடப்பட்டது. ஆயினும் அக்கருத்து அழிந்திலது. 2019 முதல் இங்கிலாந்தின் குடும்ப வைத்திய நிலையங்களில், நோயாளரை அவர்தம் ஊர்ச் சங்கங்களோடும் குழுக்களோடும் சேர்த்துவைப்பதற்கென்றே இணைப்புப் பணியாளர் பெருந்தொகையாக நியமிக்கப்பட்டனர்.

பிறநாடு நோக்குமுன் நம் நாட்டு மருத்துவப் பெண்மணி ஒருவரை நினைத்தல் தகும். கனடாவிற் பிறந்து 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டிலேயே வாழ்ந்து 1962இல் மறைந்த டாக்டர் மேரி இரட்ணம் அவரே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவஞ் செய்த அவர், மருந்து கொடுத்தனுப்பிய பெண் அதே வறுமைக்கும் அறியாமைக்கும் தனிமைக்கும் மீளுதலைக் கண்டார். ஆகவே, கனடா நாட்டுக் கிராமப் பெண்கள் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு, 1930இல் இலங்கை மகிளா சமிதியை நிறுவினார். சுகாதாரம், உணவு, வீட்டுத்தோட்டம், கைப்பணி முதலியவற்றைக் கிராமப் பெண்கள் கூடிக் கற்கும் இடமாக அது வளர்ந்தது. 1958இல் மக்சேசே விருது அவரை நாடிவந்தது. மருத்துவர் ஒருவர் தம் மருந்துப்பெட்டியின் எல்லையை உணர்ந்து, அதற்கப்பால் அயலாரைத் துணைக்கழைத்தமைக்கு இதனினும் சிறந்த சான்று நம்மிடம் இல்லை.

அமைப்பும் உண்டு, முன்மாதிரியும் உண்டு. எனின் குறை யாண்டுளது? யான் கண்ட ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுதல் பொருந்தும்.

சில ஆண்டுகளின் முன், கண்டியை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றில் யான் கற்பித்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து, “சேர், இதுல என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க, அக்கா கேக்கச் சொன்னிச்சு” என்றான். அவன் அக்காள் என் பழைய மாணவி. அவள் வைத்தியசாலை ஒன்றில் தலைப்பிள்ளை பெற்று வீடு திரும்பியிருந்தாள். காகிதம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பகுதி மருத்துவ மாதிற்கு அறிவிக்க வேண்டும் என்பதும், கிளினிக்கிற்கு வரவேண்டிய நாளும் அதில் இருந்தன. அவள் வீடு வந்து பதினொரு நாள் கழிந்திருந்தது. குறித்த நாளும் கடந்திருந்தது.

அன்று மாலை, உடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரோடு அவ்வீட்டிற்குச் சென்றேன். தாய்ப்பால் போதவில்லை என்று பிறர் சொன்னதை நம்பி, மாப்பாலை நீர்விட்டுக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தனர். குழந்தை மெலிந்திருந்தது. தாய் முகங்கொடுத்துப் பேசவில்லை. எமக்கு மருத்துவம் தெரியாது; குடும்பநல மாதின் தொலைபேசி எண்ணைத் தேடி அறிவித்தோம். மறுநாட் காலை அவர் மலையேறி வந்தார். சிங்களப் பெண்மணி, தமிழ் சில சொற்களே அறிந்தவர். அவரையும் குறைகூற வழியில்லை. அப்பெண் மணமாகிச் சென்ற பகுதியின் பதிவேட்டிலேயே அவள் பெயர் இருந்தது. பேற்றிற்குத் தாய்வீடு வந்ததை எவரும் இவர்க்கு அறிவித்திலர். அங்குள்ள மருத்துவ மாது அவளைத் தேட, இங்குள்ளவர் அவளை அறியாதிருக்க, இரு பதிவேடுகளுக்கு இடையில் ஒரு தாயும் சேயும் விடுபட்டுப் போயினர்.

அவ்வம்மையார் செய்தவற்றை யான் இன்னும் மறந்திலேன். குழந்தையை மார்போடு அணைக்கும் முறையைத் தம் கையாற் காட்டினார். பின்னர், அத்தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிற் பிள்ளைகளைப் பார்த்துவந்த மூத்த பெண் ஒருவரை அழைப்பித்து, அவர் கையையும் அவ்விளந்தாயின் கையையும் ஒன்றாகப் பிடித்து, தமக்குத் தெரிந்த தமிழில், “ஒவ்வொரு நாளும் வந்து பாருங்க, நான் புதன்கிழமை வாறேன்” என்றார். சொன்னவாறே புதன்கிழமை வந்தார். மூன்று வாரத்தில் குழந்தை தேறியது, தாயும் சிரித்தாள். அங்கே குணஞ்செய்தது எந்த மருந்து? காகிதம் செய்யாததைக் கைப்பிடித்த ஒப்படைப்புச் செய்தது என்பதே என் கருத்து.

இந்நிகழ்ச்சியை ஆராயின், நூல் அறும் இடங்கள் மூன்று தெளிவாகும்.

முதலாவது, இடப்பெயர்ச்சி. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு செல்லுதல் நம் மரபு; அது நன்மரபும் ஆகும். ஆனால் சுகாதாரப் பதிவேடுகள் எல்லை வகுத்து அமைந்தவை. கருவுற்ற பெண் ஏழாம், எட்டாம் மாதத்தில் இடம்பெயரும்போது, இரு பகுதி மருத்துவ மாதரும் அதனை அறிதல் வேண்டும். கிளினிக்கில், “பேற்றின்பின் எந்த வீட்டில் இருப்பாய்? உன்னோடு யார் இருப்பார்?” என்னும் இரு வினாக்களைத் தவறாது கேட்பின், இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். மாற்றம் பெற்று வந்த உத்தியோகத்தர் குடும்பங்களுக்கும் இஃது ஒக்கும். அவர்களிற் பலர் தம் பகுதி மருத்துவ மாது யாரெனவே அறியார். தனியார் வைத்தியசாலையிற் பிள்ளை பெற்றவர் அறியாமை இன்னும் மிகுதி.

இரண்டாவது, மொழி. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் விதித்தது. சட்டம் தாளில் இருப்பினும், தாயின் கையிலுள்ள துண்டுச்சீட்டில் அது இன்னும் முற்றாக இறங்கிவரவில்லை. மருத்துவத்தைத் தமிழிற் கூறவியலாது என்பது பொருந்தாது. மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பிரசவ வைத்தியம் பற்றிய நூலைத் தமிழில் 1857இலேயே வெளிப்படுத்தினார். மேலும், மொழி என்பது நாள் குறித்தலோடு அமைவதன்று. பேற்றின்பின் சில தாய்மார்க்கு உண்டாகும் மனச்சோர்வை அறிதற்கு, 1987இல் எடின்பரோவிலிருந்து வெளிவந்த பத்து வினாக்கள் உலகெங்கும் வழங்குகின்றன. அவை தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. ஆனால் ‘மனசு ஒரு மாதிரியா இருக்கு’ என்று தயங்கிச் சொல்லும் பெண்ணின் உள்ளத்தை அறிய, அவள் மொழியின் தயக்கத்தையும் அறிந்தவர் வேண்டும்.

மூன்றாவது, தோட்டத்தின் எல்லை. கிராமங்களுக்கு அரசாங்கச் சுகாதாரப் பிரிவுகள் பரவிய காலத்தில், தோட்ட மக்களின் மருத்துவம் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1990களிலிருந்து அரசு அதனைச் சிறிது சிறிதாக ஏற்றுவருகின்றது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமும், சபையின் பணத்தைத் தோட்டங்களுள் செலவிடுவதற்குத் தடையாய் அமைந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. இவ்வளவு காலம் பிரிந்திருந்தமையால், தோட்டப் பெண் தனக்குரிய உதவி யாண்டுளது என்பதை அறியாமல் இருத்தலும், உதவவேண்டியவர் தோட்டத்திற்குட் புகத் தயங்குதலும் வியப்பன்று.

இனி, ஒப்படைத்தல் என்னும் பணி எவ்வாறு நடைபெறும் எனக் காண்போம். அது நான்கு படிகளை உடையது. முதற்படி கேட்டல்: “காய்ச்சல் உண்டா?” என்று கேட்பதோடு நில்லாது, “சமைப்பது யார்? இரவில் துணை யார்? செலவிற்கு என்ன செய்கிறாய்?” எனவும் கேட்டல். இரண்டாம் படி அறிதல்: தம் பகுதியில் உள்ள உதவிகளை ஆளறிந்து, பெயரறிந்து வைத்திருத்தல். மூன்றாம் படி அறிமுகஞ் செய்தல்: முகவரி எழுதிக் கொடுத்தலோடு அமையாது, அத்தாயின் முன்னிலையிலேயே உரியவரோடு பேசி, நாளும் நேரமும் குறித்தல். நான்காம் படி தொடர்தல்: “போகச் சொன்னேனே” என்னாது, “போனாயா? என்ன நடந்தது?” என மீளவும் வினாவுதல். நான்காம் படி இன்றேல், ஏனைய மூன்றும் பெரும்பாலும் வீணாகும்.

இரண்டாம் படியிற் கூறிய உதவிகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. சத்துக் குறைந்த தாய்க்கும் குழந்தைக்கும், சோளமும் சோயாவும் கொண்டு ஆக்கப்படும் திரிபோஷா மாவினை வழங்கும் திட்டம் 1973இல் தொடங்கியது. கர்ப்பிணித் தாய்மார்க்கான போசாக்குக் கொடுப்பனவு 2015 முதல் உண்டு. 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு ஒரே அளவு விடுமுறை என்றாயிற்று. பிரதேச செயலகங்களிற் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும், முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் கடமையாற்றுகின்றனர். பல பகுதிகளில் மருத்துவ மாதர் தாய்மார் ஆதரவுக் குழுக்களை அமைத்துள்ளனர். சிறுவர்க்குத் தீங்கு நேரின் 1929 என்னும் எண்ணும், பெண்களுக்கு நேரின் 1938 என்னும் எண்ணும் உள. பேராதனையிலோ, 1962இல் தொடங்கிய மருத்துவ பீடமும், போதனா வைத்தியசாலையும், சிறுவர்க்கெனத் தனி வைத்தியசாலையும் அடுத்தடுத்து விளங்குகின்றன. இத்தனை இருந்தும் தாய் ஒருத்தி தனித்திருப்பாளாயின், குறை நீரில் அன்று, வாய்க்காலில்.

வாய்க்கால் வெட்டும் பணியில் நம் மரபும் துணைசெய்யும். தமிழ்நாட்டில், வளைகாப்புச் செய்ய வசதியற்ற கர்ப்பிணிப் பெண்களை ஓரிடத்திற் கூட்டி, அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகின்றது. வளையலும் பலவகைச் சோறும் அளித்து, அவ்விடத்திலேயே உணவு, பேறு, பாலூட்டல் பற்றிய அறிவுரையும் வழங்கப்படுகின்றது. இதன் சிறப்பு அறிவுரையில் மட்டும் அன்று. ஒரே காலத்திற் கருவுற்ற பெண்கள் ஒருவரையொருவர் கண்டு, பெயர் கேட்டுப் பழகுவதே இதன் பெரும் பயன். நம் ஆலய மண்டபங்களும் பாடசாலை மண்டபங்களும் ஆண்டிற் பல நாள் வெறுமையாய்க் கிடக்கின்றன என்பதை ஈண்டு நினைவூட்ட விரும்புகின்றேன்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். அயலார் துணை எப்போதும் நன்மையே செய்யும் என்று கொள்ளலாகாது. அயலார் வம்பும் பேசுவர். ‘பால் இல்லை’ என்று தாயைக் கலங்கச் செய்தவரும் அயலாரே. வீட்டில் அடிபடும் பெண்ணை, அடிப்பவனின் உறவினரிடமே ஒப்படைத்தல் பெருந்தீங்காகும். ஆதலின், தாயின் உடன்பாடு இன்றி அவள் நிலையைப் பிறர்க்கு உரைத்தல் கூடாது. யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதை அவளையே கேட்டறிதல் வேண்டும். மேலும், ஏற்கெனவே பல பதிவேடுகளைச் சுமக்கும் குடும்பநல மாதின் தலையில் இப்பணியையும் முற்றாக ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிநிற்றல் அறமன்று. ஒப்படைக்க அவர் ஆயத்தமாயினும், ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டுமன்றோ?

ஆகவே, இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் என் விண்ணப்பம் மிக எளியது. ஆசிரியர்கள் தம் பகுதிக் குடும்பநல மாதின் பெயரையும் கிளினிக் நாளையும் அறிந்து, பாடசாலை விளம்பரப் பலகையில் தமிழில் எழுதி வைக்கலாம். இரு மொழியும் அறிந்தோர், மாதம் ஒரு நாளேனும் கிளினிக்கில் நின்று மொழிபெயர்த்துதவ முன்வரலாம். சுகாதார வைத்திய அதிகாரியின் இசைவோடு இது கூடும். நகரில் வாழும் பழைய மாணவர், தம் தெருவிற்குப் புதிதாய் வந்த இளந்தம்பதியரின் கதவை ஒருமுறை தட்டலாம். மாணவர்கள், வீட்டிற்கு வரும் மடித்த காகிதத்தை வாசித்துச் சொல்லும் அளவிற்கேனும் இரண்டாம் மொழியைக் கற்கலாம். அன்று காகிதத்தோடு வந்த அச்சிறுவன், வாசிக்கத் தெரியாமைக்கு நாணாது வினவியதனாலேயே ஒரு குழந்தை பிழைத்தது.

நோயாளியும் மருத்துவரும் மருந்தும் ஆகிய மூன்று கூறுகளை நிறைவாக்க அரசும் பல்கலைக்கழகமும் முயல்கின்றன. நான்காம் கூறு எந்தப் பீடத்திலும் பட்டம் வழங்கித் தோற்றுவிக்கப்படுவதன்று. அது நம் வீட்டுப் படலைக்கு அப்பால் உள்ள அடுத்த வீட்டில் தொடங்குவது.